கேஸ் வருவதற்கு முன்பே தொடங்கும் வக்கீல் வேலை

சொந்தமாகப் பிராக்டீஸ் செய்யும் ஒவ்வொரு வக்கீலும் ஒரு சிறு தொழிலை நடத்திக்கொண்டுதான் இருக்கிறார். அறைக்கு வாடகை கொடுக்கிறார். மாதம் பிறந்தால் குமாஸ்தாவுக்கும் ஜூனியருக்கும் பணம் எடுத்து வைக்க வேண்டும். மே மாதம் உயர் நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை விட்டால் வரவு குறைந்துவிடும், செலவு குறையாது. இருந்தும் சட்டக் கல்லூரியில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சீனியரிடம் சேர்ந்த பிறகு டிராஃப்ட் போடக் கற்றுக்கொள்கிறோம், குறுக்கு விசாரணையைப் பார்த்துப் பழகுகிறோம். பீஸ் எப்படிப் போடுவது, எந்த வேலையை எடுப்பது, எதை விடுவது என்பதெல்லாம் அவர் மனசுக்குள் போடும் கணக்கு. சொந்தமாக வந்து உட்காரும் நாளில்தான் அந்தக் கணக்கு நம் தலையில் ஏறுகிறது.

நான் சிவில் பக்கம் ஒரு சீனியரிடம் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, பாரிமுனையில் தம்புச் செட்டித் தெருவில் இன்னொரு வக்கீலோடு பகிர்ந்துகொண்ட அறையில் தனியாகத் தொடங்கினேன். தொடக்கத்தில் எல்லாரையும் போலப் பலவகை வேலை வந்தது: வாடகைத் தகராறு, பாகப்பிரிவினை, செக் ரிட்டர்ன். அந்த செக் கேஸ்களைத் தொடர்ந்து பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வந்தவர்களில் நிறையப் பேர் அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் பக்கம் லேத் பட்டறையோ பிரஸ் ஷாப்போ வைத்திருப்பவர்கள். ஆள் வேறு, கதை ஒன்றுதான். சரக்கு போயிருக்கும், பில் போயிருக்கும், பணம் வந்திருக்காது. ரொம்ப நாள் கேட்டுக் கேட்டு ஒரு செக் வாங்கியிருப்பார்கள். அதுவும் திரும்பி வந்த பிறகுதான் வக்கீலைத் தேடி வருவார்கள்.

வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், பணம் கட்ட எதிராளிக்கு 15 நாள், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். இதை எந்த வக்கீலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் என் கட்சிக்காரருடைய சிக்கல் அந்த செக்கில் தொடங்கவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்பு, வாய்ப்பேச்சில் வாங்கிய ஆர்டரிலேயே தொடங்கிவிட்டது. வழக்கு என்பது அவருடைய கஷ்டத்தின் கடைசித் துண்டு. அந்தத் துண்டுக்கு மட்டும் பீஸ் வாங்கிக்கொண்டு அடுத்த கேஸ் கட்டைப் பிரிப்பதா, இல்லை முதலிலிருந்தே அவர் கூட இருப்பதா? தொழில்முனைவு மனநிலை என்று பெரிதாகப் பேசுகிறார்களே, எனக்கு அது இந்தக் கேள்வியாகத்தான் வந்தது.

அதனால் பட்டறைகளுக்கே நேரில் போக ஆரம்பித்தேன். இதை இளம் வக்கீல்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். கட்சிக்காரர் நம் அறைக்கு வரும்போது தனக்கு முக்கியம் என்று தோன்றும் காகிதங்களை மட்டுமே கொண்டு வருவார். அவர் இடத்துக்குப் போனால்தான் மேஜை டிராயரும், சுவரில் குத்தி வைத்த டெலிவரி சலான்களும், அவர் மகன் போனில் இருக்கும் வாட்ஸப் ஆர்டர்களும் கண்ணில் படும். அம்பத்தூரில் ஒரு பட்டறைக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர். சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து இல்லாத சலான்களாக இருக்கிறதே என்று கேட்டேன். "மேடம், அவங்க பெரிய கம்பெனி. செக்யூரிட்டி கேட்லயே எறக்கிட்டுப் போகச் சொல்லுவான். கையெழுத்து கேட்டு நின்னா அடுத்த ஆர்டர் வராது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வாங்குகிறவரைப் பகைத்துக்கொண்டு பட்டறை நடத்த முடியாது. சட்டப் புத்தகத்தைக் காட்டி அவரை மிரட்டுவதில் அர்த்தமில்லை. அவருடைய வியாபார உறவு கெடாமல் காகிதத்தை உருவாக்க வழி உண்டா என்று யோசிப்பதுதான் என் வேலை.

வழி இருந்தது. சிறு, குறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம், 2006-ஐ நிதானமாக உட்கார்ந்து படித்தால் கிடைக்கிறது. சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே அந்தச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் பணம் தரும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். ஆகவே அவரிடம் ஒரே ஒரு பழக்கத்தைக் கேட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் அந்த வாரம் அனுப்பிய சரக்கின் பட்டியலை, சலான் எண்ணும் பில் எண்ணும் போட்டு, கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவுக்கு ஒரு மெயில் அனுப்ப வேண்டும். "இந்த வாரம் அனுப்பியவை, சரிபார்த்துக்கொள்ளவும்" என்று இரண்டு வரி. யாருக்கும் கோபம் வராத மெயில். நாலு மாதம் கழித்து ரிஜெக்‌ஷன் என்று சொல்லி, பாக்கியைக் குறைக்கும் ஒரு டெபிட் நோட் வரும்போது, அந்த மெயில்கள்தான் பேசும்.

இன்னொரு பழக்கம், நிதியாண்டு முடிந்ததும் பாக்கிக் கணக்கை எழுத்தில் உறுதி செய்து வாங்குவது. பணம் வசூலிக்கும் வழக்குக்கு மூன்று வருடக் காலவரையறை. அது முடிவதற்குள் எதிராளி கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் இருந்தால் காலவரையறை அந்தத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஆடிட்டருக்குத் தேவை என்று கேட்டால் பெரும்பாலான கம்பெனிகள் மறுப்பதில்லை. சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்துகொள்ளும் உத்யம் பதிவை வேலை தொடங்குவதற்கு முன்பே செய்துவைக்கச் சொல்கிறேன். தகராறு வந்த பிறகு ஓடிப்போய்ப் பதிவது பின்னால் வாதத்துக்கு இடம் கொடுக்கும்.

இதற்குப் பிறகும் பணம் வராவிட்டால், சிறு நிறுவனங்களின் பாக்கித் தகராறைத் தீர்க்க அதே 2006 சட்டத்தின்படி அமைந்த வசதியாக்க மன்றம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என நான்கு இடங்களில். முதலில் சமரசம் பேசுவார்கள், ஆகாவிட்டால் நடுவர் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டுமானால் வாங்கிய கம்பெனி தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். மன்றத்துக்குப் போவதற்கு முன்பு நான் அனுப்பும் கடிதத்தில் இந்த 75 சதவீத விஷயத்தையும், பில் வாரியாக வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒரு அட்டவணையையும் சேர்ப்பேன். மிரட்டல் வாசகம் ஒன்றும் இருக்காது. கணக்கு மட்டும். அந்தக் கடிதம் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் மேஜையிலிருந்து அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போனாலே பாதி வேலை முடிந்த மாதிரி. சிறு, குறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டித் தராமல் வைத்திருக்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் திருத்தம் வந்த பிறகு, மார்ச் மாதத்தில் வாங்குகிறவரின் ஆடிட்டரே நமக்காகப் பேசுகிறார்.

இப்படித்தான் என் பிராக்டீஸ் ஒரு வடிவத்துக்கு வந்தது. சிறு பட்டறைகளுக்கு மாதக் கட்டணத்தில் காகிதம் பார்த்துக் கொடுப்பது, தேவைப்பட்டால் வசூல் நடவடிக்கை. நீதிமன்ற வருமானம் ஏற்ற இறக்கமாக வரும்போது அந்த மாதக் கட்டணம் வாடகையையும் சம்பளத்தையும் தாங்குகிறது. உங்களுக்குப் பட்டறையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கமாக இருக்கலாம், சின்ன மருத்துவமனைகளாக இருக்கலாம், வேளச்சேரியில் வாடகைக்குக் கடை எடுப்பவர்களாக இருக்கலாம். உங்கள் பழைய கேஸ் கட்டுகளை எடுத்து, சட்டப் பிரிவு வாரியாகப் பார்க்காமல் ஆள் வாரியாகப் பாருங்கள். ஒரே மாதிரி ஆட்கள் ஒரே மாதிரி சிக்கலோடு திரும்பத் திரும்ப வந்திருப்பார்கள்.

இந்த யோசனை புதிதல்ல, நம் ஊரிலேயே முன்னோர் இருக்கிறார்கள். 1906-இல் ஆர்பத்நாட் வங்கி விழுந்தபோது சென்னையில் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போனது. அப்போது மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், நம்மவர்கள் நடத்தும் வங்கி ஒன்று வேண்டும் என்று முன்னின்றார். 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. அதே 1906-இல் தூத்துக்குடியில் வக்கீலாக இருந்த வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். இருவருமே, வந்த வழக்கை நடத்துவதோடு நிற்காமல், மக்களின் கஷ்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தவர்கள். இந்தியன் வங்கிக் கட்டடம் இருக்கும் ராஜாஜி சாலைப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும்.

சரி, பீஸ். இதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பட்டறைக்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "வர்ற பணத்துல பத்து பர்சென்ட் எடுத்துக்குங்க மேடம், இப்ப கையில காசு இல்ல." அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வழக்கின் முடிவைப் பொறுத்து பீஸ் பேசுவதையும், வரும் தொகையில் பங்கு பேசுவதையும் இந்திய பார் கவுன்சில் விதி 20 தடுக்கிறது. அதை அவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன்: பணத்தில் எனக்குப் பங்கு இருந்தால், உங்களுக்கு நல்லதான சமரசத்தைக்கூட நான் தள்ளிப்போட நினைக்கலாம், அதனால்தான் கூடாது. அதற்குப் பதிலாக வேலையைக் கட்டங்களாகப் பிரித்துவிட்டேன். காகிதம் படித்துக் கருத்துச் சொல்வது ஒன்று, கடிதம் ஒன்று, மன்றத்தில் தாக்கல் ஒன்று, சமரசப் பேச்சு ஒன்று, நடுவர் விசாரணை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தொகை, எப்போது தர வேண்டும், எதெல்லாம் அதில் சேராது என்று தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறோம். முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளவும் அவருக்கு உரிமை உண்டு. கையில் காசு இல்லாதவருக்கு இது நிஜமாகவே உதவுகிறது. மொத்தத் தொகையைக் கேட்டுப் பயந்துபோய் எழுந்து போகிறவர், முதல் கட்டத் தொகையைக் கேட்டால் உட்கார்ந்து பேசுகிறார்.

ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குவதும் அப்படித்தான். "பேசறதுக்கும் காசா மேடம்?" என்று கேட்டவர்கள் உண்டு. பேசி முடித்ததும் அன்றைக்கே ஒரு பக்கத்தில், நீங்கள் சொன்னது இது, சட்ட நிலை இது, அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது இது என்று எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். அதன் பிறகு அந்தக் கேள்வி வருவதில்லை. கையில் ஒரு காகிதம் இருந்தால், வாங்கிய வேலை என்ன என்று அவருக்குத் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை மாலை எல்லா கட்சிக்காரருக்கும் ஒரு செய்தி போகும்: இந்த வாரம் என்ன நடந்தது, அடுத்த வாய்தா எப்போது, உங்கள் பக்கம் என்ன பாக்கி. ஒன்றும் நடக்கவில்லை என்றாலும், ஒன்றும் நடக்கவில்லை என்று போகும். தோற்பதைக்கூட மனிதர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். போன் எடுக்காத வக்கீலைத்தான் தாங்க முடிவதில்லை. இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு நிலையைப் பார்க்கவும் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

கணக்கு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். கட்சிக்காரர் நீதிமன்றக் கட்டணத்துக்கும் மற்ற செலவுக்கும் தரும் பணம் நம்முடையது அல்ல. அதற்குக் கணக்கு வைக்கச் சொல்லி பார் கவுன்சில் விதிகளே சொல்கின்றன. நான் அதைத் தனி வங்கிக் கணக்கில் வைக்கிறேன். வருமான வரியில், ஆண்டு வரவு 50 லட்சம் வரை உள்ளவர்கள், ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை, வரவில் பாதியை லாபமாகக் காட்டும் எளிய முறை உண்டு. உண்மையான செலவு பாதிக்கு மேல் போகிறவர்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். தனி வக்கீலின் சட்டச் சேவைக்கான ஜிஎஸ்டியை, வரி வரம்புக்குள் வரும் வணிகக் கட்சிக்காரர்தான் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் கட்டுகிறார். இதை பில்லிலேயே எழுதிவிட்டால் பின்னால் பேச்சு இருக்காது.

எல்லாரும் கேட்பது, விளம்பரம் செய்யாமல் எப்படி ஆள் வருவார்கள் என்று. பார் கவுன்சில் விதி 36 விளம்பரத்தையும் ஆள் பிடிப்பதையும் தடுக்கிறது. 2008-இல் வந்த திருத்தத்தின்படி இணையதளத்தில் பெயர், முகவரி, தொடர்பு எண், பதிவு எண், தகுதி, எந்தத் துறை வேலை என்ற அளவுக்கு விவரம் போடலாம், அவ்வளவுதான். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையத் தளங்கள் வழியாக வேலை தேடும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்க பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. சந்தைக் கடை போலக் கூவி விற்கும் வேலை இது இல்லை என்பதை நான் மனப்பூர்வமாக ஏற்கிறேன். பயந்து வரும் மனிதரிடம் நட்சத்திரக் குறி போட்டு வக்கீலைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது சரியில்லை. அதே விதிகள் பாடம் நடத்தவும், எழுதவும், உரையாற்றவும் இடம் தருகின்றன. தொழிற்பேட்டைச் சங்கங்கள் கூப்பிட்டால் போய் அந்த 15 நாள், 45 நாள் கணக்கைச் சொல்லிவிட்டு வருவேன். கார்டு கொடுக்க மாட்டேன், என் கேஸ்களைப் பற்றிப் பேச மாட்டேன். ஒரு பட்டறைக்காரருக்குப் பணம் வந்தால் அடுத்த ஷெட்டில் இருப்பவருக்கு அது தானாகத் தெரிந்துவிடும்.

வக்கீலாக இருந்துகொண்டே கம்பெனி தொடங்கலாமா என்று கேட்கும் இளைஞர்கள் விதி 47, 48, 49 மூன்றையும் முதலில் படிக்க வேண்டும். நேரடியாக வியாபாரம் நடத்தக் கூடாது. தொழிலின் கண்ணியத்துக்குப் பொருந்தும் வியாபாரத்தில், பணம் மட்டும் போட்டு நடத்துவதில் தலையிடாத உறங்கும் கூட்டாளியாக இருக்கலாம். நிர்வாக வேலை பார்க்காத இயக்குநராக இருக்கலாம், நிர்வாக இயக்குநராக முடியாது. முழுநேரச் சம்பள வேலையும் கூடாது. நிஜமாகவே கம்பெனிதான் உங்கள் ஆசை என்றால் பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்து பிராக்டீஸை நிறுத்தி வைத்துவிட்டுப் போங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. இரண்டு படகில் கால் வைத்தால் பதிவுக்கே ஆபத்து.

ஜூனியர் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000, மற்ற இடங்களில் 15,000 தர வேண்டும் என்று சுற்றறிக்கை விடும்படி 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலிடம் சொன்னது. அதைச் சுமையாகப் பேசும் சீனியர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதுதான் மாதக் கணக்கின் முதல் வரி. வீட்டில் காசு உள்ளவர்கள் மட்டுமே தாக்குப்பிடிக்கும் தொழிலாக இது இருந்தால், கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாக வரும் பெண் எப்படி நிற்பாள்? அது தவிர, ஜூனியருக்கு ஒழுங்காகப் பணம் தரும்போதுதான் அவர் நேரத்தை நாமும் மதிக்கிறோம். சும்மா வாய்தா கேட்க ஓட விடுவதில்லை. வட்டி அட்டவணை போடுவது, வாரச் செய்தி எழுதுவது, பட்டறைக்குப் போய்க் காகிதம் பிரிப்பது எல்லாம் இப்போது அவர்கள் வேலை. மாதிரிப் படிவங்களை அவர்கள்தான் திருத்தித் திருத்தி மேம்படுத்துகிறார்கள்.

வேண்டாம் என்று சொல்லவும் பழக வேண்டியிருக்கிறது. ஒரு பெரிய கம்பெனி, தங்களுக்குச் சப்ளை செய்யும் சிறு பட்டறைகள் போட்ட மனுக்களை எதிர்த்து ஆஜராக என்னைக் கேட்டது. கட்டணம் என் மாத வரவையெல்லாம் தாண்டியது. என் அப்போதைய கட்சிக்காரர் யாரும் அதில் இல்லை, அதனால் விதிப்படி தடையில்லை. ஆனாலும் மறுத்துவிட்டேன். அம்பத்தூரில் ஒருவருக்கு ஒருவர் உறவு, பழக்கம். நான் எந்தப் பக்கம் நிற்பவள் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருப்பதுதான் என் தொழிலின் மூலதனம். எனக்குச் சரியாக வராத குடும்ப வழக்குகளை அதில் அக்கறையோடு உழைக்கும் தோழிகளிடம் அனுப்பிவிடுகிறேன். அதற்குப் பங்கு எதுவும் வாங்குவதில்லை.

இப்போது என் பழைய ஜூனியர் ஒருவரும் நானும் கூட்டாளிகளாகச் சேர ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருக்கிறோம். வரவைப் பிரிப்பது பற்றிச் சீக்கிரம் பேசி முடித்துவிட்டோம். நேரம் எடுப்பது வேறு பிரிவுகள்: ஒருவர் விலகினால் எந்தக் கட்சிக்காரர் யாரோடு போவது என்பதைக் கட்சிக்காரரே முடிவு செய்ய வேண்டும் என்பதை எப்படி எழுதுவது, மகப்பேறு விடுப்பில் பங்கு குறையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் வாய்தாக்களை யார் பார்ப்பது, மாதிரிப் படிவங்கள் யாருக்குச் சொந்தம். நேற்று அவர் ஒரு பிரிவை அடித்துவிட்டுப் புதிதாக எழுதி வந்தார்: "பெரிய கம்பெனிகள் தரப்பில் சிறு நிறுவனங்களுக்கு எதிராக ஆஜராவதற்கு இருவர் சம்மதமும் எழுத்தில் வேண்டும்." அதை அப்படியே வைத்துக்கொண்டோம்.